வாடிய இலை உதிராது

என் வீட்டுக்காரருக்கும் அவருடைய தம்பிக்கும் வாய் இருந்தது, காது இருந்தது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான். ஆனாலும் அவர்கள் பேசிக்கொள்ள நான் வேண்டியிருந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு கொழுந்தன் கேட்பான்: "அண்ணி, இன்னிக்கு மோட்டார் போடுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க." இந்தப் பக்கம் இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார்: "சாயங்காலம் போடறேன்னு சொல்லு." அது அவன் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் ஒரு தடவை திருப்பிச் சொன்னால்தான் நகருவான். அடுப்பில் எனக்கு எது தீய்ந்தாலும் சரி, இரண்டு பேரும் அப்படியே நிற்பார்கள்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். மாமனார் போன பிறகு பாகம் பிரித்ததில் தப்பில்லை. பிரித்த விதம்தான் வேடிக்கை. கிணறும் மோட்டாரும் எங்களுக்கு. ரோட்டுக்குப் போகிற கேட்டும் பழம் அடுக்கும் கொட்டகையும் அவனுக்கு. நாங்கள் தண்ணீர் விடாவிட்டால் அவன் மரம் காயும், அவன் கேட்டைத் திறக்காவிட்டால் எங்கள் பழம் அழுகும். வேலிக்குக் கல் நட்ட அன்று இவர், "உனக்கு மரம் பாக்கத் தெரியாது, உன் பங்கையும் நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவைத்தார். அவன், "நீ பாத்து கிழிச்சது போதும்" என்றான். அன்றைக்கு மூடிய வாய்கள். அதற்குப் பிறகு நான்தான் தபால்காரி.

எங்களுடையது வெண்ணெய்ப்பழத் தோட்டம், அவகாடோ என்கிறார்களே அதுதான். மாமனாருக்கு எதையும் நெருக்கி வைத்தால்தான் திருப்தி. வீட்டில் சாமான், தோட்டத்தில் மரம், எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வரிசைகள் கிணற்றிலிருந்து கேட்டுவரைக்கும் நேராக ஓடின. பாகம் பிரித்தபோது வேலி அந்த வரிசைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. மேலே கிளைகள் வேலியைத் தாண்டி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொண்டிருந்தன. கீழே என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

வேலியை ஒட்டி எங்கள் பக்கம் நின்ற மரத்தில் ஒரு கிளை வாடியது. காய்கள் கோழிமுட்டை அளவுக்கு வந்திருந்த சமயம். உச்சியில் ஒரு கொத்து இலை மட்டும் தொங்கிப்போயிருந்தது. இவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், தண்ணீர். எனக்குத் தலைவலி என்றாலும் தண்ணீர் குடி என்பார். மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டி நிரப்பினார். மறுநாள் இன்னொரு கிளை தொங்கியது. இன்னும் நிரப்பினார். கால் வைத்தால் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, மேலே இலையெல்லாம் வறண்டு பழுப்பாகித் தொங்கியது. அவ்வளவு காய்ந்தும் ஓர் இலைகூடக் கீழே விழவில்லை. தினம் பெருக்குகிறவள் நான். செத்த இலை என்றால் விழ வேண்டும், அதுதானே வழக்கம்? இந்த மரம் செத்த இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இவர் வாடிய இரண்டு கிளைகளையும் அறுத்துப் போட்டுவிட்டு மூன்றாவது கிளைக்கு ஏணி வைத்தபோது, "போதும் உங்க வைத்தியம்" என்று சொல்லிவிட்டு, பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன்.

வந்தவள் சின்னப் பெண்தான். பெரிய தொப்பி, இடுப்பில் ஒரு கத்தி, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து எங்கள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, மரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இரண்டு வீட்டிலும் அவளுக்குப் பூச்சி மேடம் என்று பேர் விழுந்தது அன்றைக்குத்தான். மரத்தின் அடியில் உட்கார்ந்து, விரலால் தடவி, ஓர் இடத்தைக் காட்டினாள். பட்டையிலிருந்து மெல்லிய நூல் மாதிரி மரத்தூள் நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டதும் உதிர்ந்தது. அதற்குப் பின்னால் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. கத்தியால் பட்டையைச் சதுரமாகக் கீறி எடுத்தாள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய மரத்தில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் ஓடின.

"வண்டு. எள்ளைவிடச் சின்னது" என்றாள்.

"எள்ளு அளவு வண்டு இவ்வளவு பெரிய மரத்தைத் தின்னுடுமா?" என்றார் இவர்.

"அது மரத்தைத் தின்னாது ஐயா. வாயில ஒரு சின்னப் பை இருக்கு. அதுல பூஞ்சையோட விதையை வச்சுக்கிட்டு வருது. மரத்தைக் குடைஞ்சு, அந்தப் பூஞ்சையை உள்ள விதைச்சு, அது வளந்ததும் அதைத்தான் தின்னுது, குஞ்சுகளுக்கும் அதைத்தான் குடுக்குது."

"அப்ப அதுவும் நம்ம தொழில்தான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் தலையசைத்ததைப் பார்த்தால் நான் சரியாகவே சொல்லிவிட்டேன் போலிருந்தது.

"எல்லா வேலையும் பொம்பளை வண்டுதான்" என்றாள். "ஆணுக்குப் பறக்கவே தெரியாது. பிறந்த ஓட்டையிலேயே கிடந்து செத்துப்போகும்."

அதற்கு நான் இவரைப் பார்த்தேன். வேறு நேரமாக இருந்தால் அதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். இவர் சேற்றுக்குள் நின்றுகொண்டு பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி நல்லாத்தானே விட்டேன்" என்றார்.

"தண்ணி இருக்கு, குடிக்கத்தான் வழியில்லை. பூஞ்சை உள்ள வந்ததும் மரம் அதைத் தடுக்கறதுக்காகத் தன்னோட குழாயைத் தானே அடைச்சுக்குது. பூஞ்சை நிக்கறதில்லை. தண்ணி நின்னுபோகுது." கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள். "நீங்க விட்டாலும் விடாட்டியும் இதேதான் ஆகியிருக்கும்."

ஆறுதலுக்குச் சொன்னாள் என்று நினைக்கிறேன். இவருக்கு அது ஆறுதலாக இல்லை.

மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். நல்ல மரத்துக்கு முன்கூட்டியே ஊசி போடலாம், போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வந்துவிட்ட மரத்துக்கு ஒன்றுமில்லை என்றாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். நெருக்கி நட்ட மரங்களுக்கு மண்ணுக்கு அடியில் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வேராகிவிடுமாம். ஒரு மரத்துக்குள் பூஞ்சை வந்தால், அடுத்த மரத்துக்கு வண்டே தேவையில்லை, வேர் வழியாகவே போய்விடும். அதனால் செத்த மரத்தை மட்டும் வெட்டிப் பிரயோஜனமில்லை. அதைச் சுற்றியுள்ள நல்ல மரங்களையும் வேரோடு எடுத்து, சுற்றிலும் பள்ளம் தோண்டி, மிச்சத் தோட்டத்தோடு இருக்கும் வேர்ப் பிணைப்பை அறுத்துவிட வேண்டும். வெட்டிய மரத்தை அன்றே தூளாக்கி மூட வேண்டும்.

சிவப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாகக் குறி போட்டாள். காயும் இலையுமாக, ஒரு குறையும் இல்லாத மரங்கள். இவர் பின்னாலேயே போய், "இது நல்லா இருக்கே மேடம், இது நல்லா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வட்டம் வேலிக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"அந்தப் பக்கம் யாரோடது?"

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லட்டும் என்று இருந்தேன்.

"என் தம்பியோடது" என்றார் இவர். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எத்தனை வருஷம் ஆயிற்று!

வட்டத்தின் பாதி அந்தப் பக்கம்தான் விழுந்தது. கொழுந்தனுடைய தோட்டத்திலேயே நன்றாகக் காய்க்கிற மரங்கள் அவை. எங்கள் பக்கத்து நோய்க்காக அவன் நல்ல மரங்களை வெட்ட வேண்டும். இவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீ போய்ச் சொல்லு" என்றார்.

"மாட்டேன்" என்றேன். "மோட்டார் போடட்டுமா, கேட்டைத் திறக்கட்டுமான்னு எத்தனை வேணும்னாலும் சொல்றேன். காய்ச்சு நிக்கற மரத்தை வெட்டுன்னு கேக்கறதுக்கு உங்க வாய்தான் வேணும்."

இவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டேய்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. கொழுந்தன் அவ்வளவு நேரமும் அந்தப் பக்கம் ஒரு மரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தான். நேராக வந்து வேலி மேலாகக் கை நீட்டினான்.

"மேடம், அந்த பெயின்டைக் குடுங்க" என்றான். "எதெதுக்குன்னு நீங்க சொல்லுங்க, நானே போடறேன்."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். அவன் குறி போடப் போட, இவர் இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான்.

மரம் அறுக்க, மண் தோண்ட, கட்டையைத் தூளாக்க என்று மூன்று இயந்திரங்கள் வந்தன. உள்ளே வர வழி வேண்டும் என்று வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து இழுக்க, மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. என் ஓர்ப்படி, கொழுந்தனின் மனைவி, விழுந்த மரங்களிலிருந்து பிஞ்சுகளைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள். பழுக்காத பிஞ்சு, எதற்கும் ஆகாது. "விடுடி" என்றேன். "கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா" என்றாள். நானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டேன். பள்ளத்தில் வேர்கள் வெட்டுப்பட்டு நீட்டிக்கொண்டிருந்தன. அவன் மரத்து வேர் எது, எங்கள் மரத்து வேர் எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தூளையெல்லாம் அன்றே தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் மண் அணைத்தோம். பூச்சி மேடம் சொன்னதில் ஒன்றைக்கூட நாங்கள் விடவில்லை. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சொல்ல வேண்டும். பிடுங்கிய வேலியை யாரும் திரும்ப நடவில்லை. அண்ணனும் தம்பியும் பேச ஆரம்பித்தார்கள். சும்மா இல்லை, ஓயாமல். காலையில் பல் விளக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். அத்தனை வருஷத்துப் பாக்கி இருந்ததல்லவா. பழைய கணக்கு வாத்தியாரைப் பற்றி, மாமனார் சைக்கிளிலிருந்து விழுந்ததைப் பற்றி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பார்கள். என் தபால் வேலை போய்விட்டது. "இவங்க பேசாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சு, காதாவது ஓய்வா இருந்துச்சு" என்று நானும் ஓர்ப்படியும் சொல்லிக்கொண்டோம். பொய்தான். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். ஒரு வட்டம் மரம் போனால் போகட்டும், இது கிடைத்ததே என்றுகூட நினைத்தேன்.

பூச்சி மேடம் இடையில் வந்து பார்த்தாள். பள்ளத்தைச் சுற்றியுள்ள மரங்களைத் தட்டிப் பார்த்து, கீறிப் பார்த்து, "இப்போதைக்குச் சுத்தம்" என்றாள். கிளம்பும்போது நாலு பேரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: "எந்த மூலையிலயாவது ஒரு கொத்து இலை வாடினா அன்னிக்கே போன் பண்ணுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. உடனே பிடிச்சா சில மரத்தோட போயிடும். விட்டா தோட்டமே போயிடும்." நாலு பேரும் தலையாட்டினோம். கொழுந்தனும் ஆட்டினான், நான் பார்த்தேன்.

காய்கள் முற்றி, பறிப்பு ஆரம்பித்தது. ஒருநாள் மத்தியானம் கொட்டகையில் பழம் துடைத்துக்கொண்டிருந்தபோது ஓர்ப்படி புலம்பினாள்: "என்னக்கா மனுஷன் இவரு. எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணசர்ற நேரத்துல ஏணியைத் தூக்கிக்கிட்டு கேட்டுப் பக்கம் போயிடறாரு. கூப்பிட்டா வர்றதில்லை. கேட்டா எரிஞ்சு விழறாரு."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

கேட்டை ஒட்டிய கடைசி மரம். ஏணியின் உச்சியில், இலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கொழுந்தன் நின்றிருந்தான். தோளில் ஒரு சாக்கு. மரத்தின் ரோட்டுப் பக்கம், நாங்கள் யாரும் பார்க்காத பக்கம், பாதி மொட்டையாக இருந்தது. குச்சி குச்சியாகக் கிளைகள், அதில் காய் மட்டும் தொங்கியது.

"என்ன பண்றே?" என்றேன்.

திடுக்கிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணுமில்லை அண்ணி. காய்க்குக் கொஞ்சம் வெயில் படட்டும்னு இலையைக் கழிக்கறேன்."

வெண்ணெய்ப்பழக் காயில் நேர் வெயில் பட்டால் தோல் கருகிவிடும். இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்ட வருஷமே எனக்குத் தெரிந்த சங்கதி அது. இதிலேயே பிறந்து வளர்ந்தவன் என்னிடம் இப்படிச் சொல்கிறான். "கீழ இறங்கு" என்றேன். இறங்கினான். சாக்கை வாங்கிக் கவிழ்த்தேன். பழுப்பு இலைகள். வறண்டு, சுருண்டு, காம்பு பிய்ந்த இலைகள். தானாக விழாத இலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்திருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவன் ஒரு மரத்தின் சாவைச் சாக்கில் மறைத்துக்கொண்டிருந்தான்.

"எப்போலேருந்து?"

"பறிப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

"அட பாவி" என்றேன். வேறு என்ன சொல்வது? "அந்தப் பொண்ணு தலைபாடா அடிச்சுக்கிட்டுச் சொன்னாளே. உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு அண்ணி." சாக்கை என் கையிலிருந்து வாங்கி, கீழே கிடந்த இலைகளை மறுபடியும் அள்ளிப் போட ஆரம்பித்தான். "அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஒருவேளை இது இந்த ஒரு மரத்தோட நின்னுடும். நான் பாத்துக்கறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. நரைத்த தலையோடு, மண்டியிட்டு இலை பொறுக்குகிறவனை எப்படி அடிப்பது? "நான் சொல்லத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பாதி வழியில் நடை ஓட்டமாகிவிட்டது.

இவர் கிணற்றடியில் இருந்தார். சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சுவரில் மாட்டியிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பூச்சி மேடத்துக்குப் போன் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

கேட்டு மரத்தில் பட்டையைக் கீறினார். கறுப்பு. அதற்கு அடுத்த மரத்துக்குப் போனார். மேலே ஒரு வாட்டமும் இல்லை, பச்சைப் பசேல் என்று இருந்தது. கீறினார். கறுப்பு, மெல்லிசாக, பேனாவால் இழுத்தது மாதிரி. அடுத்தது. அதிலும். வரிசையோடு வரிசையாக நடந்தார். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் ஒரு நிமிஷம் நின்று, கை வைத்து, பிறகு கீறினார். எங்காவது வெள்ளையாக ஒன்று வந்துவிடாதா என்று நானும் வாய்க்குள் வேண்டிக்கொண்டே போனேன். வேலி இருந்த இடம் வந்தது. கம்பியும் இல்லை, கல்லும் இல்லை, நடந்த பழக்கத்தில்தான் எனக்கு அது தெரிந்தது. எங்கள் பக்கத்து முதல் மரத்தைக் கீறினார். உள்ளே வெள்ளை.

"வெள்ளைதாங்க! வெள்ளைதான்!" என்று கத்தியே விட்டேன்.

இவர் சுற்றிக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போய் அங்கேயும் கீறினார். பிறகு கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பூச்சி மேடம் வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். எங்கள் பக்கம் முழுவதும் நடந்தாள், அவன் பக்கம் முழுவதும் நடந்தாள். கிணற்றுப் பக்கத்து மரங்களில் நூல் மாதிரி மரத்தூளைப் பார்த்தாள். இந்தத் தடவை பெயின்ட் டப்பாவை வண்டியை விட்டே எடுக்கவில்லை. அதைக் கவனித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வட்டம் போட இடமில்லைம்மா" என்றாள் என்னிடம். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "வண்டு ரெண்டு மூணு இடத்துல இறங்கியிருக்கு. கேட்டுப் பக்கத்துல இறங்கினது வேர்ல போயிருச்சு. மொத்தத்தையும் எடுக்கணும்."

"எப்படி வந்துச்சு? நீங்க சொன்னதெல்லாம் செஞ்சோமே. அன்னிக்கே மூடினோமே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"செஞ்சீங்க. நான்தான் கூட நின்னேனே." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "வெட்டின மரத்தோட வாசனை இருக்கே, அதுக்கு இந்த வண்டு ரொம்ப தூரத்துலேருந்து வரும். அடிபட்ட வேருக்கும் வரும். அதனால வந்துச்சான்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. வெட்டாம விட்டிருந்தா இன்னும் சீக்கிரம் போயிருக்கும். ஆனா முதல் இலை வாடினப்பவே தெரிஞ்சிருந்தா, கேட்டு மூலையோட நிறுத்தப் பாத்திருக்கலாம்."

கடைசியில் சொன்னதை அவள் யாரையும் குத்திச் சொல்லவில்லை. அவளுக்கு ஏணி விஷயம் தெரியாது. ஆனால் கொழுந்தன் தலை தொங்கிப்போனது. ஓர்ப்படி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

இப்போது வெடிக்கும் என்று இருந்தேன். வெடிக்கட்டும் என்றும் இருந்தேன். இவர் அவனை நாலு வார்த்தை கேட்டு, அவன் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து, பழையபடி எலியும் பூனையுமாகப் போனாலும் சரி, இந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. எங்களைச் சுற்றி இரண்டு தோட்டமும், இல்லை, ஒரே தோட்டம், காய்த்துப் பச்சையாக நின்றது. ஒன்றும் தெரியாத யாராவது அந்த ரோட்டில் போனால், என்ன செழிப்பு என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"ஏண்டா சொல்லலை?" என்றார் இவர்.

அவன் கால் விரலால் மண்ணைக் கிளறினான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்கறேன் இல்லை?"

"சொன்னா நீ ஒடைஞ்சு போயிடுவே" என்றான். "உன் தோட்டத்துக்காக நான் மரத்தை வெட்டி, அதுவும் வீணாப் போச்சுன்னு தெரிஞ்சா, மறுபடியும் என்கிட்ட பேசாமப் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "இப்பத்தானே அண்ணா பேச ஆரம்பிச்சோம்."

கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த இரண்டு பேரும் பேசாமல் இருந்திருந்தால் தோட்டம் பிழைத்திருக்கும். முதல் இலை வாடிய அன்றே அவன் வந்து, "அண்ணி, அவங்க நோய் என் பக்கம் வந்துருச்சு, கேளுங்க அவங்களை" என்று ஊருக்கே கேட்கக் கத்தியிருப்பான். நானும் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். பகையில் ஒளிக்க மாட்டான். பாசம் வந்ததும் ஒளித்தான். நானல்லவா அவர்கள் பேச வேண்டும் என்று அத்தனை வருஷம் வேண்டிக்கொண்டிருந்தேன்? யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபமாக வந்தது.

அவனுக்கு ஏதாவது சமாதானம் சொல்வார், "அப்படியெல்லாம் போயிருக்க மாட்டேண்டா, பைத்தியம்" என்பார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். இவர் தம்பியின் பிடரியில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"போயிருப்பேன்டா" என்றார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் எதிர்ல நின்னிருப்பேன்? பேசாமத்தான் போயிருப்பேன்."

அது நிஜம். அந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். தம்பிக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் தலையை ஆட்டினான். பூச்சி மேடம் தொப்பியை மாட்டிக்கொண்டு, இயந்திரங்களுக்குச் சொல்லிவிடட்டுமா என்று என்னிடம் கேட்டாள். அவர்கள் இருவரும் பதில் சொல்வார்கள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லிவிடுங்கள் என்றேன்.